பரிசினும் பெரிய பிழை

கணிதம் கற்பிப்பவர் எவருக்கும் ஒருநாள் நேர்ந்தே தீரும் சோதனை ஒன்றுண்டு. கரும்பலகை நிறைய எழுதி, முடிவின் கீழ்க் கோடிட்டுத் திரும்பும் வேளையில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, மூன்றாவது வரி எவ்வாறு வந்தது என்று கேட்பான். எனக்கு அது ஆசிரியப் பணியின் இரண்டாம் ஆண்டிலே நேர்ந்தது. கேள்வி காதில் விழுந்த கணமே பிழையைக் கண்டுகொண்டேன். ஆயினும், நேரமாகிவிட்டது, நாளை பார்ப்போம் என்று சொல்லிப் பலகையைத் துடைத்தேன். மறுநாள் சரியான வழியை எழுதினேன். முதல்நாள் எழுதியது தவறு என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாணவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஆன்றி புவான்காரே என்னும் பிரெஞ்சுக் கணித மேதையின் வரலாற்றைக் கற்க நேர்ந்தபோது அந்த நாள் மீண்டும் என் நினைவுக்கு வந்தது. அவரையும் ஓர் இளைஞன் கேள்வி கேட்டான். அவருடைய ஆராய்ச்சியிலும் ஒரு பிழை இருந்தது. ஆனால் அது நாற்பது பேர் இருந்த வகுப்பறையில் நேர்ந்த பிழையன்று. மன்னர் ஒருவரின் பரிசைப் பெற்று, ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட ஆராய்ச்சியில் நேர்ந்த பிழை. அதை அவர் எவ்வாறு எதிர்கொண்டார், அதிலிருந்து எத்தகைய விஞ்ஞானம் பிறந்தது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

நான்சி நகரத்துச் சிறுவன்

பிரான்சின் வடகிழக்கே உள்ள நான்சி நகரில், 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி புவான்காரே பிறந்தார். தந்தையார் லெயோன் புவான்காரே மருத்துவப் பேராசிரியர். கல்வியும் பதவியும் நிறைந்த குடும்பம். பிற்காலத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவரான ரேமோன் புவான்காரே இவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்.

சிறு வயதில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோய் இவரைப் பற்றியது. நோய் நீங்கிய பின்னரும் பல மாதங்கள் கால்கள் வலுவிழந்து, பேச்சும் எழாது கிடந்தார். கண்பார்வையும் குறைவு. வகுப்பிலே பலகையில் எழுதியவை இவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே, காதாற் கேட்டதை மனத்திலேயே எழுதிக்கொள்ளப் பழகினார். பிற்காலத்தில் நீண்ட கணக்குகளைத் தாளின்றியே மனத்தில் நடத்தி, முடிந்த பின்னரே எழுத்தில் இறக்கும் வழக்கம் இவருக்கு இருந்ததற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாகலாம் என்று நான் எண்ணுகிறேன்.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. நான்சி நகரம் பகைவர் வசமாயிற்று. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யச் சென்ற தந்தையாருக்குத் துணையாக நின்றார் பதினாறு வயது ஆன்றி. பிரெஞ்சுச் செய்திகள் கிடைக்காத அந்நாட்களில், நடப்பதை அறியும் ஆவலால் ஜெர்மன் பத்திரிகைகளைப் படித்துப் படித்தே அம்மொழியைக் கற்றுக்கொண்டார்.

1873இல் பாரிசிலுள்ள புகழ்பெற்ற எக்கோல் பொலித்தெக்னிக் கல்லூரிக்கு முதலிடத்தில் தெரிவானார். ஒரு பாடத்தில் மட்டும் அவர் தேறவே இல்லை; அது சித்திரம். அவர் வரைந்த கோடுகள் எதை ஒத்திருந்தன என்று சொல்வது அரிது. வாசகர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும். சித்திரம் வரையத் தெரியாத இம்மனிதர்தாம், பின்னாளில் எவராலும் வரைய இயலாத ஒரு சித்திரத்தை மனக்கண்ணாற் கண்டவர்.

சுரங்கத்தில் ஒரு சிறு துளை

கணிதப் பேராசிரியராவதற்கு முன்னர், புவான்காரே சுரங்கப் பொறியியலாளராகப் பயிற்சி பெற்று, 1879இல் வெசூல் என்னும் ஊரிலே பணியேற்றார். அவ்வாண்டிலேயே, அவருடைய பொறுப்பில் இருந்த மாஞி நிலக்கரிச் சுரங்கத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்து தொழிலாளர் பலர் மாண்டனர். மீண்டும் வெடிக்குமோ என்ற அச்சம் நீங்காத வேளையிலேயே அவர் சுரங்கத்துள் இறங்கினார். கிடைத்த விளக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, ஒரு பாதுகாப்பு விளக்கிலே கூரிய துளையொன்றைக் கண்டார். தொழிலாளி ஒருவரின் கருவி தற்செயலாகப் பட்டு உண்டான துளை அது. அதன் வழியாகவே உள்ளிருந்த சுவாலை வெளியேறிச் சுரங்க வாயுவைப் பற்றவைத்தது என்பது அவர் கண்ட முடிவு.

விரலளவுத் துளை, ஊரளவு துயரம். சிறு காரணத்திலிருந்து பெரு விளைவு எழக்கூடும் என்பதை அவர் கணிதத்திலே நிறுவுவதற்கு முன்னர், நிலத்தின் கீழே கண்ணாரக் கண்டார்.

அதே ஆண்டில் பாரிஸ் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்று, கான் நகரிலே விரிவுரையாளரானார். அங்கிருந்த காலத்தில், கூத்தான்சு என்னும் ஊரில் வண்டியொன்றில் ஏறக் காலை வைத்த கணத்திலே, நெடுநாள் தேடிய உண்மை ஒன்று திடீரெனத் தோன்றியதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அது கணிதத்தில் புகழ்பெற்ற ஒருவகைச் சார்புகளைப் பற்றியது. 1881இல் திருமணமும் பாரிசிலே பதவியும் ஒருங்கே வாய்த்தன. 1887இல், 33 வயது நிறையுமுன்னரே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார்.

மூன்று பொருள்களின் புதிர்

இனி, அவருடைய வாழ்வின் நடுநாயகமான கேள்விக்கு வருவோம்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பெருநூலில், ஈர்ப்பு விதி ஒன்றைக்கொண்டே வான்பொருள்களின் இயக்கத்தை விளக்கினார். சூரியனும் ஒரேயொரு கோளுமாக இரண்டு பொருள்கள் மட்டும் இருப்பின் கணக்கு எளிது. கோள் நீள்வட்டத்திலே என்றென்றும் சுற்றிவரும். மூன்றாவது பொருள் ஒன்று வந்து சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் இழுக்கிறது; இழுக்கப்பட்டவை இடம் பெயர்வதால் இழுப்பும் மாறுகிறது. விதி மாறாதிருக்க, விடை கைக்கு எட்டாமற் போகிறது. இதுவே மூன்றுபொருட் பிரச்சினை.

இது வெறும் ஏட்டுப் புதிரன்று. வியாழன் சற்றே விரைவதும் சனி சற்றே தளர்வதும் பழைய அவதானங்களால் தெரியவந்திருந்தன. இது இப்படியே தொடர்ந்தால் ஞாயிற்றுத் தொகுதி ஒருநாள் குலைந்து போகாதா? லாப்பிலாசு 1785இல் இதற்கு ஆறுதல் தந்தார். சனி இரண்டு சுற்றுச் சுற்றும் காலத்தில் வியாழன் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றுவதால், ஒன்றையொன்று இழுக்கும் இழுப்புகள் கூடிக் கூடி, சுமார் 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் ஊசலாட்டமே அது என்று காட்டினார். லகிராஞ்சு முதலியோரும் உறுதிநிலைக்குச் சார்பான முடிவுகளையே கண்டனர். ஆனால் அவை யாவும், முடிவிலாத் தொடர்களின் முதற்சில உறுப்புகளை மட்டும் கொண்டு பெற்ற முடிவுகள். எஞ்சிய உறுப்புகளையும் கூட்டினால் தொடர் ஓர் எல்லையில் ஒருங்குமா, அன்றி எல்லையின்றி விரிந்து செல்லுமா என்பது எவருக்கும் தெரியாது.

புவான்காரே இப்பிரச்சினையை வேறொரு திசையிலிருந்து அணுகினார். 1881 முதல் 1886 வரை வெளியிட்ட கட்டுரைகளில், வகையீட்டுச் சமன்பாட்டின் விடையை எழுத இயலாவிட்டால், அவ்விடையின் வடிவத்தை ஆராய்வோம் என்றார். பாதை மூடிய வளையமாகுமா? ஓரிடத்தை நோக்கிச் சுருளுமா? எல்லையற்று விலகிச் செல்லுமா? எண்ணை விடுத்து உருவத்தைக் கேட்பது அவர் முறை.

இம்முறையின் உள்ளத்தை ஓர் உவமையாற் சொல்கிறேன். ஊர் சுற்றும் காளையொன்றின் வழியை அறிய விரும்பினால், அதன் பின்னே நாள் முழுவதும் அலைய வேண்டியதில்லை. தெருவின் குறுக்கே ஒரு கோடு கீறி, ஒருவனை அங்கே இருத்தி, காளை கோட்டைக் கடக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பாற் குறிக்கச் சொன்னாற் போதும். எப்பொழுதும் ஒரே புள்ளியில் கடந்தால் அதன் சுற்று மாறாதது. புள்ளிகள் ஒழுங்கான வளைகோட்டில் அமைந்தால் அதன் அலைச்சலுக்கும் ஓர் ஒழுங்குண்டு. புள்ளிகள் சிதறினால் ஒழுங்கில்லை. கோளின் பாதைக்குக் குறுக்கே புவான்காரே வைத்த தளமும் இத்தகையதே. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

மன்னரின் பரிசு

சுவீடன்-நோர்வே மன்னர் இரண்டாம் ஒஸ்கார் கணிதத்தில் ஈடுபாடுள்ளவர். அவருடைய அறுபதாவது பிறந்தநாள் 1889 ஜனவரி 21ஆம் திகதி வரவிருந்தது. ஸ்டொக்ஹோமிலே பேராசிரியராயிருந்தவரும், அக்தா மதெமாத்திக்கா என்னும் கணித ஏட்டின் ஆசிரியருமான மிற்றாக்-லெஃப்ளர், அதனையொட்டி ஒரு பரிசுப் போட்டியை நடத்த மன்னரை இணங்கச் செய்தார். 1885இல் அறிவித்தல் வெளியாயிற்று. பரிசு ஒரு பொற்பதக்கமும் 2500 குறோணர்களும். நடுவர்கள் மூவர்: பெர்லினின் வயர்ஸ்திராஸ், பாரிசின் எர்மித், மிற்றாக்-லெஃப்ளர். போட்டியாளர் தம் பெயரை மறைத்து, ஒரு முதுமொழியை மட்டும் இட்டு, முத்திரையிட்ட உறையுடன் ஆக்கத்தை அனுப்பவேண்டும். இறுதி நாள் 1888 ஜூன் 1.

கொடுக்கப்பட்ட நான்கு கேள்விகளுள் முதலாவது, ஒன்றையொன்று ஈர்க்கும் எத்தனை பொருள்களாயினும் அவற்றின் இயக்கத்தை எக்காலத்துக்கும் ஒருங்கும் தொடராக எழுதுவது பற்றியது. வந்த ஆக்கங்கள் பன்னிரண்டு. எழுதியவர் எவரென்பதை நடுவர்கள் உடனே உணர்ந்துகொண்ட ஆக்கம் ஒன்று அவற்றில் இருந்தது. அத்தகைய கணிதத்தை எழுதக்கூடியவர் அக்காலத்தில் வேறெவரும் இலர்.

புவான்காரே கேட்ட கேள்விக்கு முழு விடை தரவில்லை. இரண்டு பெரும் பொருள்கள் வட்டமாகச் சுற்ற, மூன்றாவது மிகச் சிறியதாய் அவற்றைச் சற்றும் அசைக்காதிருக்கும் எளிய நிலையையே பெரிதும் எடுத்துக்கொண்டார். ஆயினும் அதில் அவர் கையாண்ட முறைகள் முற்றிலும் புதியன. எல்லைக்குள் அடங்கிய இயக்கம் தான் தொடங்கிய நிலைக்கு மிக அண்மையாகத் திரும்பத் திரும்ப வரும் என்னும் தேற்றம் அவற்றுளொன்று. அந்த எளிய நிலையிலே சிறு பொருளின் இயக்கம் உறுதியானது என்பது அவர் நிறுவியதாகக் கருதிய முடிவு. 1889 ஜனவரியில் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய நண்பர் போல் அப்பேலுக்குச் சிறப்புப் பாராட்டு. பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதனை நாட்டின் வெற்றியாகக் கொண்டாடின.

இளைஞனின் கேள்வி

பரிசு பெற்ற ஆக்கத்தை அச்சிடும் வேலை தொடங்கியது. அச்சுக்கு முன்னர் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு, லார்ஸ் எத்வர்ட் பிராக்மென் என்னும் 25 வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1889 ஜூலையில் அவர், சில இடங்கள் தமக்கு விளங்கவில்லை என்று மிற்றாக்-லெஃப்ளரிடம் கூற, அவர் அவற்றைப் புவான்காரேக்கு எழுதினார். உலகம் போற்றும் பேரறிஞர் எழுதியது விளங்கவில்லை என்று சொல்ல அவ்விளைஞருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! என் வகுப்பின் பின்வரிசை மாணவன் எழுந்து நின்றதை நான் இங்கு நினைத்துக்கொள்கிறேன்.

புவான்காரே அக்கேள்விகளைத் தட்டிக் கழிக்கவில்லை. விளக்கங்கள் எழுதினார், குறிப்புகள் சேர்த்தார். இளைஞர் சுட்டிய இடங்களைத் தெளிவாக்க முயன்ற வேளையில், அவர் சுட்டாத வேறோர் இடத்தில் மிகப் பெரிய பிழை ஒளிந்திருப்பதைத் தாமே கண்டார். நவம்பர் இறுதியில் அச்சை நிறுத்துமாறு தந்தி அனுப்பினார். டிசம்பர் 1ஆம் திகதி கடிதம் எழுதி, தமக்குண்டான துயரத்தை மறையாது, பிழை இன்னதென்று எடுத்துரைத்தார்.

அந்தப் பிழை யாது? மாறாது திரும்பிவரும் ஒரு சுற்றியக்கத்தை நோக்கி மெல்ல மெல்ல அணுகும் பாதைகள் உண்டு. அதிலிருந்து மெல்ல மெல்ல விலகும் பாதைகளும் உண்டு. முன்பு சொன்ன குறுக்குத் தளத்திலே இவை இரண்டு வளைகோடுகளாகத் தோன்றும். விலகிச் செல்லும் கோடு சுற்றிவந்து அணுகும் கோட்டோடு ஒன்றாய்ப் பொருந்திவிடும் என்று புவான்காரே கருதியிருந்தார். அவ்வாறு பொருந்தினால் அது வயலைச் சுற்றிய வரம்பு போலாகும். உள்ளே உள்ள நீர் வெளியேறாது, கோளின் இயக்கம் எல்லை கடவாது, உறுதிநிலை நிறுவப்பட்டுவிடும். உண்மையில் அவை பொருந்துவதில்லை, ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒருமுறை வெட்டினால் அத்துடன் நிற்பதில்லை. எண்ணிறந்த முறை வெட்டியே தீரவேண்டும். கோடுகள் மடிந்து மடிந்து, தம்மைத் தாம் வெட்டாமலும் ஒன்றையொன்று முடிவின்றி வெட்டிக்கொண்டும், வலையினுள் வலையாய்ச் சிக்குகின்றன. வரம்பு என்று நம்பியது வரம்பன்று. அதை நம்பி எழுந்த உறுதிநிலையும் அத்துடன் வீழ்ந்தது.

அழிந்த பிரதியும் அழியாத உண்மையும்

இதற்குள் ஏட்டின் பிரதிகள் அச்சாகிச் சில அறிஞர் கைக்கும் போய்விட்டன. பரிசின் பெருமை, மன்னரின் பெயர், ஏட்டின் மதிப்பு, நடுவர்களின் கௌரவம் யாவும் ஒரே நூலில் தொங்கின. மிற்றாக்-லெஃப்ளர், முழுக் காரணத்தையும் வெளியிடாமலே, போன பிரதிகளைத் திரும்பப் பெற்றார். வெளியீடு அழிக்கப்பட்டது. மறு அச்சுக்கான செலவைப் புவான்காரே ஏற்க வேண்டுமென்றார். அவரும் மறுக்கவில்லை. செலவு 3585 குறோணர் 65 ஓரே. பெற்ற பரிசோ 2500 குறோணர். பரிசு முழுவதையும் கொடுத்து, அதற்கு மேலும் ஆயிரத்துக்கு அதிகமாகக் கைப்பணம் இட்டுத் தம் பிழையை அவர் மீட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். நிகழ்ந்தது முழுவதும் அன்று உலகுக்குச் சொல்லப்படவில்லை. திருத்திய ஆக்கத்தின் முன்னுரையில், பிராக்மென் காட்டிய நுட்பத்தாலேயே தாம் பெரும் பிழையொன்றைக் கண்டு திருத்த நேர்ந்ததென்று புவான்காரே நன்றியோடு குறித்தார். ஆனால் பரிசு பெற்ற ஆக்கமும் அச்சில் வந்த ஆக்கமும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை வாசகர் அறிய வழியில்லை. நூறாண்டு அளவில் இது மங்கலாகவே கிடந்தது. ஸ்டொக்ஹோமை அடுத்த ஜூர்ஷோல்மில், மிற்றாக்-லெஃப்ளரின் இல்லமாயிருந்து பின்னர் கணித நிலையமான இடத்திலே, அழியாது எஞ்சிய பழைய பிரதி 1980களில் வெளிச்சத்துக்கு வந்த பின்னரே ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஆகவே புவான்காரே குற்றமற்ற தெய்வப் பிறவி என்று நான் சொல்ல வரவில்லை. தம் புகழைக் காக்கும் ஏற்பாட்டுக்கு அவரும் உடன்பட்டே இருந்தார். ஆனால் கணிதத்தின் முன் அவர் பொய் சொல்லவில்லை. பிறர் எவரும் காணாத பிழையைத் தாமே கண்டு, தாமே அறிவித்து, தாமே திருத்தினார். மௌனமாக இருந்திருந்தால் யார் கண்டிருப்பார்?

1890இல், அக்தா மதெமாத்திக்காவின் 13ஆம் தொகுதியில் 270 பக்கங்களாகத் திருத்திய ஆக்கம் வெளிவந்தது. பழைய ஆக்கம் உறுதிநிலையை நிறுவியதாக நம்பியது. புதிய ஆக்கமோ இயற்கையின் உள்ளே பெருஞ்சிக்கல் ஒன்று குடிகொண்டிருப்பதைக் காட்டியது. பிழையற்ற நிரூபணமாக இருந்திருந்தால் அது ஒரு நல்ல தேற்றம். பிழையாகப் போனதால் அது ஒரு புதிய விஞ்ஞானத்தின் பிறப்பு. பிராக்மெனும் 1892இல் ஸ்டொக்ஹோமிலே பேராசிரியரானார்.

புதிய முறைகள்

அதன்பின் புவான்காரே இவற்றையெல்லாம் விரித்து, வான்பொருள் இயக்கவியலின் புதிய முறைகள் என்னும் பெருநூலை 1892, 1893, 1899ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வானியலார் நெடுங்காலம் நம்பிவந்த தொடர்கள் பொதுவாக விரிபவையே என்று அதில் காட்டினார். எனினும் அவற்றைத் தூக்கி எறியவில்லை. முதற்சில உறுப்புகள் குறுகிய காலத்துக்கு நல்ல விடை தரும். வானியலாருக்கு அது போதும். என்றென்றைக்கும் என்று கேட்கும் கணிதருக்கு அது போதாது. இருவரும் ஒரே சொல்லை இருவேறு பொருளில் வழங்குகின்றனர் என்று தெளிவுபடுத்தினார்.

மூன்றாம் தொகுதியிலே, முன்சொன்ன இரு கோடுகளின் சிக்கலைக் குறிப்பிடும்போது, அதை வரைந்து காட்டத் தாம் முயலப் போவதில்லை என்கிறார். இளமையில் சித்திரத்தில் தோற்றவர் இதனைச் சொல்வது புன்னகைக்குரியதே. ஆனால் கையின் குறை அன்று அது. அந்த வலையின் மடிப்புகளுக்கு முடிவில்லை. எந்தக் கையும் அதை முழுதும் வரைந்துவிட முடியாது.

1896இல் சோர்போனிலே கணித வானியலுக்கும் வான்பொருள் இயக்கவியலுக்கும் உரிய பேராசிரியப் பதவியை ஏற்றார். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே கணிதத்துக்கு ஒதுக்கியவர், தம் வாழ்நாளில் ஏறக்குறைய 500 ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார். பொதுமக்களுக்கெனவும் நூல்கள் எழுதினார். 1908இல் வெளிவந்த விஞ்ஞானமும் முறையும் என்னும் நூலில், தொடக்கத்திலுள்ள நுண்ணிய வேறுபாடு முடிவிலே பெரும் வேறுபாடாக வளரக்கூடும், அப்போது முன்னறிந்து கூறல் இயலாததாகும் என்று விளக்கினார். அவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் மாஞிச் சுரங்கத்து விளக்கின் துளை என் கண்முன் தோன்றுகிறது.

கணிதத்துக்கு வெளியேயும் அவர் மெய்யின் பக்கமே நின்ற நேரமுண்டு. தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட கப்டன் திரைபுசுக்கு எதிராக, கையெழுத்து நிபுணர் ஒருவர் நிகழ்தகவுக் கணக்குகளைச் சான்றாக அடுக்கியிருந்தார். அவற்றை ஆராயும் பொறுப்பு 1904இல் புவான்காரே, தார்பூ, அப்பேல் ஆகிய மூவருக்கு அளிக்கப்பட்டது. அக்கணக்குகள் விஞ்ஞான மதிப்பற்றவை என்பது அவர்கள் கண்ட முடிவு. 1906இல் திரைபுசு குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார்.

முடியாத கடைசித் தேற்றம்

1912ஆம் ஆண்டில் புவான்காரே ஓர் அரிய காரியம் செய்தார். மூன்றுபொருட் பிரச்சினையோடு தொடர்புடைய ஒரு கேத்திரகணிதத் தேற்றம் உண்மையென்று அவருக்குத் தோன்றியது. பல தனி நிலைகளிற் சரிபார்த்தும் பொது நிரூபணம் கைகூடவில்லை. மீண்டும் அதனை எடுத்து முடிக்கத் தமக்குக் காலம் வாய்க்குமோ என்ற ஐயத்தோடு, முடிவுறாத நிலையிலேயே இத்தாலியின் பலேர்மோ கணிதக் கழக ஏட்டுக்கு அனுப்பினார். தமக்கு முடியாததைத் தமக்கு முடியவில்லை என்று அச்சிலே சொன்னார். 1889இல் மௌனத்தால் மூடிய இடத்தை 1912இல் அவர் தாமே திறந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஜூலை 17ஆம் திகதி, சத்திரசிகிச்சையின் பின்னர் ஏற்பட்ட இரத்தக் குழாய் அடைப்பினால் பாரிசிலே காலமானார். வயது 58. சில மாதங்களுக்குள்ளேயே அமெரிக்க இளைஞரான ஜோர்ஜ் பிர்க்கொஃப் அத்தேற்றத்தை நிரூபித்தார்.

அவர் விட்டுச்சென்ற வழியில் இருபதாம் நூற்றாண்டு நெடுந்தூரம் நடந்தது. 1954இல் இரசியரான கொல்மகோரொவும், பின்னர் ஆர்னோல்டும், ஜெர்மனியில் பிறந்த மோசரும், இழுப்புகள் மிகச் சிறியனவாயின் பெரும்பாலான பாதைகள் ஒழுங்கு குலையாமல் நிற்கும் என்று காட்டினர். ஆகவே ஒழுங்கும் குழப்பமும் ஒன்றையொன்று ஊடுருவியே கிடக்கின்றன. 1963இல் காலநிலையை ஆராய்ந்த லொரென்சு, கணனியின் துணையால் அக்குழப்பத்தைக் கண்ணுக்குப் புலனாக்கினார். 1989இல் பிரெஞ்சு வானியலறிஞர் லாஸ்கார், ஞாயிற்றுத் தொகுதியின் உட்கோள்களின் இயக்கமே அத்தகையது எனக் கண்டார். பூமியின் இன்றைய இடத்தை 15 மீற்றர் பிசகாகக் கொண்டால், 10 கோடி ஆண்டுகளின் பின் அதன் இடத்தை நாம் சொல்லவே இயலாது. 2009இல் அவரும் உடனாய்வாளரும் செய்த கணிப்பின்படி, சூரியன் எரிந்து தணியுமுன் வரும் 500 கோடி ஆண்டுகளில் புதனின் பாதை குலையும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஒஸ்கார் மன்னரின் போட்டி எழுப்பிய கேள்விக்கு இன்று நம்மிடமுள்ள விடை, ஆம் என்பதுமன்று, இல்லை என்பதுமன்று, ஒரு நிகழ்தகவு.

வரம்பை உடைத்த அதே கோடுகள் வழியாகவும் பயன்பட்டன. 2001இல் ஏவப்பட்ட ஜெனிசிஸ் விண்கலம், புவான்காரே கண்ட அணுகும் பாதைகளையும் விலகும் பாதைகளையும் பின்பற்றிச் சிறிதளவு எரிபொருளோடு தன் பயணத்தை நடத்தியது. பகையாகத் தோன்றிய சிக்கலே ஓடமாயிற்று.

இவ்வரலாற்றைக் கற்ற பின்னர் நான் வகுப்பறையில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். பலகையில் பிழை நேர்ந்தால் அதைத் துடைப்பதில்லை. அதன் குறுக்கே ஒரு கோடு கீறி, பக்கத்திலே சரியானதை எழுதி, இரண்டையும் பாடம் முடியும்வரை அப்படியே விட்டுவைப்பேன். பிழையைக் கண்டு சொன்ன பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, எப்படிக் கண்டாய் என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொல்வேன். முதலில் அவர்கள் தயங்கினார்கள்; பின்னர் என் பலகையை முன்னிலும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழைய மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று அறியேன். இதை அவன் வாசிக்க நேர்ந்தால், அன்று அவன் கேட்ட கேள்வி சரியானது. மூன்றாவது வரி பிழை.